கம்மாலையும் கண்ணாடிப் பேழையும்

என்னிடம் ஒருகாலத்தில் பாலபண்டிதர் வகுப்பிற் கற்ற மாணவரொருவர் இப்பொழுது இங்கிலாந்தில் வாழ்கின்றார். இலக்கியப் பற்றை விடாதவர். ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதமேனும் எழுதுபவர். அண்மையில் அவரெழுதிய கடிதம் விந்தையான வினாவொன்றைச் சுமந்து வந்தது. ஏலமொன்றில் பழைய இரட்டைக்குழல் துவக்கொன்றை வாங்கியிருக்கின்றாராம். 1880களில் பேர்மிங்காம் நகரிற் செய்யப்பட்டது. குழல் முழுவதும் நீரலைபோல வரியோடியது. வெளியே இரண்டு குதிரைகள் நிமிர்ந்து நிற்பது. "ஐயா, பழந்துவக்குச் சேகரிப்போருள் இரண்டு கட்சி உண்டு. சுடுவதற்கென்று செய்த பொருளைச் சுடாது வைத்திருப்பது அதனைக் கொல்வதாகும் என்கின்றது ஒரு கட்சி. இனிச் செய்யவியலாத பொருளைச் சுட்டுத் தேய்ப்பதே அதனைக் கொல்வதாகும் என்கின்றது மற்றது. எந்தப் பக்கம் சேர்வதென்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் கருத்து யாது?" என்று கேட்டிருந்தார்.

துவக்கைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனிடம் கேட்பதா என்று வீட்டார் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை. தமிழகத்தார் வழங்கும் துப்பாக்கி என்னுஞ் சொல்லும், நாம் வழங்கும் துவக்கு என்னுஞ் சொல்லும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தன என்பர் சொல்லாராய்ச்சியாளர். பொருளும் பெயரும் பிறநாட்டின; வினா மட்டும் நம்முடையது. படைக்கலத்தைப் போற்றி வைப்பதா, பயன்கொள்வதா என்னும் வினாவை நம் ஔவையார் ஈராயிரம் ஆண்டின் அளவில் எழுப்பிவிட்டார்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையில் வேல்கள் ஒளிவிட்டு நின்றன. ஔவையார் அவற்றை வியந்தார். வியந்தவாறே, அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95 ஆம் பாட்டு இது. புகழ்வதுபோலப் பழித்த அந்தத் திறத்தை ஆண்டுதோறும் மாணாக்கருக்கு விளக்கி வருகின்றேன். ஆதலின் மாணவரின் கடிதத்தைக் கண்டதும், "ஔவையார் எப்பொழுதோ தீர்ப்புக் கூறிவிட்டாரே, சுடுக!" என்று எழுதத் துணிந்தேன். எழுதுமுன் அந்தத் துவக்கைப் பற்றிச் சிறிது கற்றேன். கற்றபின் என் துணிவு தளர்ந்தது.

மாணவருடைய துவக்கு ஒரு நூற்றாண்டு முயற்சியின் விளைவாகும். முன்னாளில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றிற்று. அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்து மதகுரு, அடித்தாற் பற்றும் மருந்தை அதற்கு மாற்றாகக் கண்டு 1807 இல் காப்புரிமை பெற்றார். இலண்டனில் யோசேப் மான்ரன் என்பவர் துவக்குத் தொழிலைக் கலையாக உயர்த்தினார். அவரிடம் வேலை பார்த்த யேம்ஸ் பேர்டி 1814 இல் தமக்கெனத் தொழில் தொடங்கினார். வெஸ்லி றிச்சர்ட்ஸ் பேர்மிங்காமில் 1812 இலும், ஹொலண்ட் நிறுவனம் இலண்டனில் 1835 இலும் தொடங்கின. குழல்வாய் வழியே மருந்திட்ட காலம் போய், பின்புறம் மடித்துத் தோட்டா இடும் முறை பிரான்சில் லெபோஷோ என்பவரால் உருவாயிற்று. அவ்வகைத் துவக்கொன்று 1851 இல் இலண்டன் மாநகரிற் கூடிய பெருங் கண்காட்சியில் வைக்கப்பட்டபின் ஆங்கிலக் கம்மியர் அவ்வழியிற் சென்றனர். 1875 இல் அன்சன், டீலி என்னும் இருவர் குதிரைகளை உள்ளே மறைத்த எளிய பொறியைக் கண்டனர். அவர்கள் கண்ட அமைப்பு இன்றும் மாறாது வழங்குகின்றது. இவ்வளவும் எழுபது ஆண்டுக்குள் நிகழ்ந்தன.

அந்தக் குழலின் வரிகளைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். இரும்புப் பாளங்களையும் உருக்குப் பாளங்களையும் மாறிமாறி அடுக்கி, காய்ச்சி ஒன்றாக்கிக் கோலாய் நீட்டுவர். அக்கோலைச் செந்தழலிற் காய்ச்சிக் கயிறு திரிப்பதுபோற் திருகுவர். அங்ஙனம் திருகிய கோல்கள் இரண்டோ மூன்றோ சேர்த்துப் பட்டையாக்கி, அப்பட்டையை ஓர் இருப்புத் தண்டின்மேற் சுருளச் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருந்தச் சம்மட்டியால் அடித்து இணைப்பர். பின்னர்த் துளை கடைந்து, மேலே தேய்த்து, துருவைத் தாமே வருவித்து அடக்கி மெருகேற்றினால், திருகிய கோலின் வரிகள் கோலம்போல் வெளிப்படும். பெல்ஜியத்து லியேஜ் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பேர்மிங்காமிலும் குடும்பந் தோறும் இத்தொழில் நடந்தது. இதற்குத் தமஸ்கு என்று பெயரிட்டனர். தமஸ்கு வாளின் வரிகளை ஒத்திருந்தமையே காரணம். அந்த வாளுக்குப் புகழ் தந்ததோ தென்னிந்திய உருக்கு. ஐரோப்பியர் அதனை "வூட்ஸ்" என்றது கன்னடத்தார் "உக்கு" என்றும் நாம் "உருக்கு" என்றும் வழங்குஞ் சொல்லின் திரிபென்பர். வாளின் வரி உருக்கின் உள்ளேயே விளைவது. துவக்கின் வரி கம்மியன் கை திருகி விளைப்பது. இரண்டும் ஒன்றல்ல; எனினும் பெயர் ஒன்றாய்ப் பயணஞ் செய்திருக்கின்றது.

முதல் உலகப் போருக்குப் பின்னர் இத்தொழில் அருகி மறைந்தது. ஒரே சீரான உருக்குக் குழல் மலிவாயும் வலிதாயும் கிடைத்தபின், திருகிய கோலுக்காகக் கைந்நோவோர் யார்? ஆதலின் அன்று ஆயிரக்கணக்கிற் செய்த குழல்களை இன்று அவ்வளவிற் செய்வார் இலர். தேய்ந்தது தேய்ந்ததே. காப்போர் கட்சியின் வலிய நியாயம் இது.

சுடுவோர் கட்சிக்கும் வலிய நியாயம் உண்டு. நல்ல துவக்கு, உடுப்பைப்போல உடையவனுக்கு அளந்து செய்யப்படுவது. வால்நட் மரப்பிடி எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு, எப்பக்கம் சாய்வு என்பன அவன் தோளுக்கும் கன்னத்துக்கும் கண்ணுக்கும் இணங்க அமையும். எடை இரண்டு கைகளுக்கு நடுவே நிற்கும். இவ்வருமை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. தோளில் ஏற்றியவனுக்கே தெரியும். வீணையைப் பேழையில் வைத்துப் பார்த்தவன், மரவேலையைக் கண்டானேயன்றி வீணையைக் கண்டானல்லன்.

இரு கட்சியும் இங்ஙனம் ஒப்ப நிற்கையில், நடுநின்று தீர்ப்பது எது? சுட விரும்புபவன் விருப்பத்தைப் பொருளிடங் கேட்டறிதல் வேண்டும் என்பது என் கருத்து. மாணவரது துவக்கு 12 ஆம் இலக்கத்தது. குழலுக்குப் பொருந்தும் ஈயவுருண்டை பன்னிரண்டு கூடினால் ஓர் இறாத்தல் எடை என்பது அவ்விலக்கத்தின் பொருள். அவர் வீட்டருகிலுள்ள கடையிலே விற்கும் 12 ஆம் இலக்கத் தோட்டா அதனுட் தடையின்றிச் செல்லும். அதுவே இடர். பழைய ஆங்கிலத் துவக்குகளிற் பெரும்பாலன இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு அமைந்தவை. இன்றைய தோட்டா இரண்டே முக்கால் அங்குலமோ அதனினும் நீண்டதோ ஆகும். சுடுமுன் அதன் வாய் மடிந்திருத்தலின் நீளம் தெரியாது. சுடும்போது மடிப்பு விரிந்து குழலின் ஒடுங்கிய இடத்தை அடைக்க, அழுத்தம் மிகும். மேலும் அக்குழல் கருமருந்தின் மெல்லிய தள்ளுதலுக்காகச் செய்து சோதிக்கப்பட்டது. புகையில்லா மருந்தின் இயல்பு வேறு. உள்ளே துருக்குழி விழுந்தும், பலமுறை தேய்த்து மினுக்கியும் குழற்சுவர் மெலிந்திருப்பின் கேடு கைக்கும் கண்ணுக்கும் வரும்.

இதனைக் கண்டறிதற்கென்றே அந்நாட்டிற் சோதனைச்சாலைகள் உள. இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813 இன் சட்டத்தால் அமைந்தது. வழக்கமான தோட்டாவினும் அழுத்தம் மிக்க தோட்டாவை இட்டுச் சுட்டுப் பார்த்துத் தாங்கினால் முத்திரை குத்துவர். தமஸ்குக் குழல்கள் பல இன்றைய மருந்துக்கான சோதனையிலும் தேறியிருக்கின்றன. வரிக்குழல் எல்லாம் வெடித்துச் சிதறும் என்பது அச்சமேயன்றி அறிவன்று. ஆயினும் தேறாதனவும் உள. சோதனையிலேயே குழல் வீங்கினும் வீங்கும், பிளப்பினும் பிளக்கும். எனவே, சுடக் கருதுபவன் முதற்கண் இழக்கத் துணிதல் வேண்டும். "இதனை இழந்தால் எதனை இழக்கின்றேன்?" என்று தன்னை வினவாதவன் இத்துணிவுக்கு உரியவனல்லன்.

ஏடு கற்றார்க்கு இவ்வினா பழகியது. ஒரே மூலத்துக்கு இருபது படி இருப்பின் ஒரு படியை அஞ்சாது புரட்டலாம். உலகில் ஒரே படி எஞ்சியிருப்பின் அதனைத் தொடுங் கை நடுங்கல் வேண்டும். 1880களில் ஆயிரமாயிரமாய்ச் செய்த நடுத்தரத் துவக்குகளுள் ஒன்று சோதனையிற் தேறியதாயின், அதற்கேற்ற சிறிய தோட்டா இட்டு ஆண்டிற் சில நாள் சுடுவதாற் கலையுலகுக்கு இழப்பில்லை. ஆனால் ஒரு கம்மியன் முதன்முதற் செய்துபார்த்த பொறியோ, செய்த நாளின் மெருகு குலையாத பொருளோ ஆயின், அது வரலாற்றின் சாட்சி. சாட்சியை வேலைக்கு அனுப்புதல் முறையன்று.

சுடுவதற்காகவே பிறவாத படைக்கலமும் உண்டு. கண்டி நாட்டு லேவ்கே திசாவையின் பெயரால் வழங்கும் சிறிய பீரங்கியைப் பலர் அறிவர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அப்பொருளை 1765 இல் கண்டியைக் கொள்ளையிட்ட ஒல்லாந்தர் கொண்டுசென்றனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்து அரும்பொருட் சாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 டிசம்பரில் அது கொழும்புக்கு மீண்டது. அதற்கு இடம் கண்ணாடிப் பேழையே. அதனிடம் ஔவையாரின் பழிப்புச் செல்லாது.

இவ்விரண்டினும் கொடியதான மூன்றாம் வழியொன்று உண்டு. அதனையே நான் மிக அஞ்சுகின்றேன். சுடுதற்கு ஏலாத பழங்குழலை அடியில் அறுத்து, அவ்வடியிற் புதிய உருக்குக் குழலைச் செருகி இணைப்பர். சோதனைச்சாலையார் அதன்மேற் "குழல் செருகியது" என்னும் பொருள்பட முத்திரை இடுவர், அது நேர்மை. மங்கிய செதுக்கோவியத்தை மீண்டும் ஆழச் செதுக்கி, தேய்ந்த மரத்தைச் சீவிப் பளபளப்பாக்கி, புதியதுபோல் விற்போர் எந்த முத்திரையும் இடுவதில்லை. சிதைந்த செய்யுளிலே தம் சொல்லைப் புகுத்திவிட்டு அதனைப் பழம்பாடம் என்று அச்சிடும் பதிப்பாசிரியனை நாம் எவ்வாறு மதிப்போம்? இடைச்செருகல் ஏட்டில் மட்டும் நிகழ்வதன்று. உண்மையான தேய்வு பொய்யான மினுக்கத்தினும் மேலானது. சுடுதற்பொருட்டுச் செய்யும் திருத்தம் பொருளை வேறொன்றாக்குமாயின், சுடாது விடுக. இயலாதாயின், செய்த திருத்தத்தை எழுதி வைக்குக.

சுடுவது யாதனை என்னும் வினாவும் எஞ்சுகின்றது. கொல்லாமையை அறமெனக் கற்பிக்கும் நான் பறவை வேட்டைக்கு மாணவரை ஏவமாட்டேன். அதற்கு இடமுமில்லை. கூண்டிலிருந்து புறாவை விடுத்துச் சுடும் விளையாட்டு அந்நாட்டிலேயே 1921 இன் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1880 இல், அமெரிக்கராகிய லிகோவ்ஸ்கி என்பவர் வீசியெறியும் களிமண் தட்டை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். துவக்கின் திறத்தை அறிதற்குத் தட்டு உடைதல் போதும். உயிர் உடைதல் வேண்டா. மேலும் ஈயச் சன்னத்தை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறத்தல் கண்டு, 2020 இல் பிரித்தானிய வேட்டை அமைப்புகள் ஒன்பது ஐந்தாண்டுக்குள் ஈயத்தைக் கைவிடத் தாமாகவே இசைந்தன. 2025 இல் அரசும் ஈயத் தோட்டாவைத் தடைசெய்யும் முடிவை அறிவித்தது. ஈயத்துக்கு மாற்றான உருக்குச் சன்னம் கடினமானது. மெலிந்த பழங்குழலைக் கெடுப்பது. மென்மையான பிஸ்மத் சன்னம் ஏற்கும், விலை மிகுதி. ஆதலின் பழந்துவக்கைச் சுடுபவன் இனிமேல் எண்ணிச் சுடுவான். அதுவும் நன்றே.

சட்டமும் இவ்விரு வழியை வேறுபடுத்தியிருப்பது நோக்கத்தக்கது. பிரித்தானியாவின் 1968 ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம், அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ மட்டும் வைத்திருக்கும் தொன்மைச் சுடுகலத்துக்கு அனுமதிப்பத்திரத்திலிருந்து விலக்களிக்கின்றது. லெபோஷோ முறையின் ஊசித்தோட்டாத் துவக்கு அவ்விலக்கில் அடங்குவது. அதே துவக்கைச் சுடக் கருதினால் விலக்கு நீங்கும். மாணவரது துவக்கு இன்றும் வழங்கும் தோட்டாவை ஏற்பதாதலின் எவ்வாறாயினும் பத்திரம் வேண்டும்.

இனி என் நெஞ்சிற் கிடந்த ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். என் அம்மான் வன்னியில் வயல் செய்தவர். அவரிடம் இங்கிலாந்திற் செய்த இரட்டைக்குழல் துவக்கொன்று இருந்தது. தாயகம் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் அவர் தந்தையார் வாங்கியதென்பர். காட்டுப்பன்றி வரும் இரவுகளிற் காவற்கொட்டிலில் அது அவர் பக்கத்திற் படுத்திருக்கும். வெள்ளிதோறும் அதனைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசுவார். எண்ணெய் மரப்பிடியில் ஊறி மரத்தைக் கெடுக்காதபடி குழல்வாய் கீழ்நோக்கச் சார்த்துவார். துணியை ஏந்திப் பக்கத்தில் நிற்பது சிறுவனாகிய என் வேலை. பக்கத் தகட்டிலே கொடியும் பூவும் செதுக்கியிருந்தது நினைவிலுண்டு. கம்மியன் பெயர் நினைவிலில்லை. 1980களின் நடுவில், போர் மூண்ட காலத்தில், அந்தத் துவக்கு வீட்டைவிட்டுச் சென்றது, மீளவில்லை. பற்றுச்சீட்டொன்று சில காலம் பெட்டியில் இருந்தது. இடப்பெயர்வில் அதுவும் போயிற்று.

துவக்குப் போனதற்காக நான் வருந்தினேனல்லன். அக்காலத்திற் போன உயிர்களை எண்ணினால் இருப்பை எண்ணி வருந்த வாய் வராது. வருந்துவது வேறொன்றுக்கு. பேர்டி, ஹொலண்ட் முதலிய நிறுவனங்கள் தாம் செய்த துவக்கு ஒவ்வொன்றின் இலக்கத்தையும் பேரேட்டிற் பதிந்து இன்றளவும் காத்து வருகின்றன. இலக்கம் தெரிந்தால் அது யாருக்காக, எந்த ஆண்டிற் செய்யப்பட்டதென்று அறியலாம். எங்கள் வீட்டிலே எழுதப்படிக்கத் தெரிந்தோர் பலர் இருந்தோம். பண்டிதனாகப் போகிறவனும் பக்கத்தில் நின்றான். ஒருவரும் அந்தப் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதினோமில்லை. அம்மான் அதனைப் பயன்கொண்டார், பேணவுஞ் செய்தார், ஆயினும் இன்று அதன் வரலாற்றில் ஓரெழுத்தும் எஞ்சவில்லை.

இதனை எண்ணியபோதுதான் ஔவையாரின் பாட்டை இத்தனை ஆண்டும் அரைகுறையாகப் படிப்பித்தேனோ என்னும் ஐயம் எழுந்தது. அதியமான் வேல்கள் போர்க்களத்திற் கிடந்தன என்று அவர் சொல்லவில்லை. கொல்லன் கொட்டிலிற் கிடந்தன என்றார். பயன்பட்டுச் சிதைந்தது செம்மை பெறும் இடம் அது. நம்மூர் வழக்கிற் சொன்னாற் கம்மாலை. பேழைக்கும் களத்துக்கும் நடுவே ஒரு கம்மாலை இருப்பதாற்றான் இரண்டும் பொருளுடையனவாகின்றன. கம்மாலை அவிந்துபோனால், சுடுபவன் கடைசித் துவக்கைத் தேய்ப்பான். காப்பவன் இன்னதென்று அறியாத இரும்பைக் காப்பான். இலண்டனிலும் பேர்மிங்காமிலும் பழந்துவக்கைத் திருத்தும் கம்மியர் இன்னும் சிலர் உளர். அவரிடம் ஒரு வில்லை மாற்றவும், ஒரு பிணைப்பை இறுக்கவும் துவக்குகள் வந்துகொண்டிருந்தாலன்றி, அடுத்த தலைமுறைக்கு அக்கைத்திறனைப் பயிற்றுவார் யார்?

அந்தப் பாட்டே நம் கைக்கு எட்டிய வழியும் இதுதான். ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூசித்த வீடுகளிற் செல் அரித்தது. படித்து, பெயர்த்தெழுதி, பிழை திருத்திய கைகள் இருந்தமையாற் புறநானூறு 1894 இல் சாமிநாதையரின் பதிப்பாய் வந்தது. அதற்கு முன்பே நம் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர்கள் ஏட்டைப் பயன்கொண்டனர். ஏட்டுக்குத் தம் கருத்தை ஊட்டவில்லை. கண்டதை எழுதி வைத்தனர். எழுதிப் பரப்பாத தனியேடு எத்துணைக் காவலுள் இருந்தாலும் ஒரே தீக்கு இரையாகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்ணீரோடு கற்றோம்.

ஆதலின் மாணவருக்கு இங்ஙனம் மறுமொழி எழுதினேன்: "முதலில் உமது துவக்கின் இலக்கத்தையும், முத்திரைகளையும், குழலின் அளவுகளையும் எழுதிவையும். தோலுறைப் பெட்டியில் நெடுநாள் வையாதீர். ஈரம் தங்கித் துருவேறும். தேர்ந்த கம்மியர் ஒருவரிடங் காட்டும். அரியதென்றால், சாட்சியாக விடும். பலவற்றுள் ஒன்றென்றும், சோதனையிற் தேறியதென்றும் அவர் சொன்னால், ஆண்டுக்கு இரண்டு நாள் மண்தட்டைச் சுடும், பறவையை விடும். அதனைச் சுடுதற்காக அதன் உடம்பை மாற்றாதீர். பேழையா களமா என்று கேட்டீர். கம்மாலைக்குச் செல்லும் என்பதே என் விடை."

மாணவர் மறுமொழி இன்னும் வரவில்லை. எனினும் ஒன்று செய்தேன். சென்ற கிழமை எனது பழைய கொப்பியொன்றை எடுத்து, அம்மானின் துவக்கைப் பற்றி நினைவிலுள்ளவற்றை எழுதத் தொடங்கினேன். பக்கத் தகட்டின் கொடியும் பூவும் வந்தன. அந்தப் பெயர் இன்னும் வரவில்லை.